வாயில் நின்ற ‘வாங்க’

அக்குளில் வைத்து நன்றாகத் தேய், கூச்சப்படாதே, தண்ணீருக்கு உன் வாசனை தெரிய வேண்டாமா என்கிறாள் நோரீன், ராஜாமணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் ஆழத் தண்ணீரில் நிற்கிறாள், கையில் ஒரு கூழாங்கல், இரண்டு பக்கமும் செக்கச்செவேலென்று பாறைச் சுவர், மேலே நீளமாகக் கிழித்துப் போட்ட மாதிரி கொஞ்சம் வானம், போடி டெலிபோன் ஆபீஸில் முப்பது வருஷம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையில், கிம்பர்லி என்கிற இந்தக் காட்டுக்குள், ஒரு சுனையில் இறங்கி அக்குளைத் தேய்த்துக்கொண்டு நிற்பதை ஆபீஸ் சிநேகிதிகள் பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், சிரிக்கட்டுமே, அவளுக்கே சிரிப்பு வந்தது, கல் ஐஸ்கட்டியாகச் சில்லிட்டது, இந்தச் சுனையில் இருக்கும் முதலைகள் சாது என்று வேறு நோரீன் சொல்லியிருந்தாள், முதலையில் சாது என்று ஒரு சாதி உண்டா என்று ராஜாமணி ஒரு கண்ணைத் தண்ணீரிலேயே வைத்திருந்தாள், நோரீன் பாறைகளைப் பார்த்துத் தன் பாஷையில் உரக்கப் பேசுகிறாள், அதற்கு நடுவில் ராஜா, ராஜா என்று தன் பெயர் அடிபடுகிறது, என்ன சொல்கிறாய் என்று கேட்டால், இங்கே இருக்கிற எங்கள் முன்னோரிடம் நீ யாரென்று சொல்கிறேன், என் அக்கா தூரதேசத்திலிருந்து வந்திருக்கிறாள், உள்ளே வரச் சொல்லுங்கள், பயமுறுத்தி அனுப்பிவிடாதீர்கள் என்று சொல்கிறேன், இங்கே கூப்பிடாமல் யாரும் உள்ளே வரக் கூடாது என்றாள்.

கூப்பிடாமல் வரக் கூடாது, அதைத்தானே அம்மா நானும் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று ராஜாமணியின் மனசு ஒரே தாவாகத் தாவி பெர்த் விமான நிலையத்தில் போய் நின்றது, ஆனி மாதம், அங்கே அது குளிர்காலம், கதவு திறந்ததும் மகள் செம்மலர் ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள், பின்னாலேயே மாப்பிள்ளை அறவாழி, சுரங்கக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை, ஒல்லியாக, எப்போதும் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற முகம், வந்தார், தள்ளுவண்டியைப் பிடித்தார், பெட்டி எத்தனை என்று கேட்டார், அவ்வளவுதான், வாங்க என்று ஒரு வார்த்தை வரவில்லை, வாங்க அத்தை என்று சொன்னால் வாயிலிருக்கிற முத்து உதிர்ந்துவிடுமா, போடியில் அவள் வீட்டு வாசலில் கேஸ் சிலிண்டர் போட வருகிற பையனுக்கு வாங்க உண்டு, வீட்டு வரி கேட்டு வருகிறவருக்கு வாங்க உண்டு, ஏழு கடல் தாண்டி வந்த மாமியாருக்கு மட்டும் கிடையாதா, வாயில் கொழுக்கட்டையா வைத்திருக்கிறார் இந்த மனுஷன், கார் போகிறது, பின்சீட்டில் மகள் பேசிக்கொண்டே வருகிறாள், ராஜாமணிக்கு எதுவும் காதில் ஏறவில்லை, சொல்வார், இப்போது சொல்வார், சிக்னலில் நிற்கும்போது திரும்பிச் சொல்வார் என்று அவர் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தாள், வீடு வந்துவிட்டது.

மறுநாள் காலையிலேயே மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், இந்தா பாரு, தையில ஒனக்குப் பிரசவம், நான் வந்து பாத்துக்கணும்னு ஆசையாத்தான் இருக்கு, ஆனா கூப்பிடாத வீட்டுல நான் வந்து அடுப்படியில நிக்க மாட்டேன், ஒம் புருசன் வாயத் தொறந்து வாங்கன்னு சொல்லட்டும், இல்லன்னா ஆவணிக்குத் திரும்பிப் போறவ போனவதான். செம்மலர் அழுதாள், கெஞ்சினாள், அவருக்குக் கூச்சம்மா, மனசுல ஒண்ணுமில்லம்மா என்றாள், போய் அவரிடமும் சொல்லியிருப்பாள் போல, அவர் அதன் பிறகு இன்னும் வாயடைத்துப் போனார், கேட்டு வாங்குகிற வாங்க என்ன வாங்க என்று ராஜாமணிக்கும் ரோஷம் ஏறிக்கொண்டது, இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்துகொண்டு, ஒன் வீட்டுக்காரருக்கு இன்னும் கொஞ்சம் ரசம் வேணுமான்னு கேளு, அத்தைக்கு மாத்திரை தீந்து போச்சான்னு கேளு என்று மகள் வழியாகவே குடும்பம் நடந்தது, நீ முப்பது வருஷம் ஆபீஸ்ல பாத்த வேலைய இப்ப சம்பளம் இல்லாம நான் பாக்குறேன் என்று செம்மலர் தலையில் அடித்துக்கொண்டாள், ராஜாமணிக்கு உள்ளே சிரிப்பு பொத்துக்கொண்டு வரும், வெளியே காட்ட மாட்டாள், வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

இந்தப் பயணமும் அப்படி மகள் வழியாக வந்ததுதான், அத்தை கடைத்தெருவா பாத்துச் சலிச்சுட்டாங்க, வடக்க காட்டுக்குள்ள அந்த மண்ணோட ஆதிகுடி ஆளுங்களே கூட்டிட்டுப் போயிச் சுத்திக் காட்டுறாங்களாம், அத்தை வருவாங்களான்னு கேளு என்று மாப்பிள்ளை சொன்னதாகச் செய்தி, வேண்டாம் என்று சொல்லத்தான் ராஜாமணி வாயைத் திறந்தாள், அதற்குள் மகள் கைபேசியில் அந்தச் சிவப்புப் பாறைகளைக் காட்டிவிட்டாள், ஆசை யாரை விட்டது, மகளின் ஓட்டப்பந்தய ஷூவைப் புடவைக்குக் கீழே மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள், புரூம் ஊரில் விமானம் இறங்கினால் வெயில் போடி வெயிலைவிட ஒரு படி மேல், தூசி படிந்த இரண்டு ஜீப்புகள், முதல் ஜீப்பின் பானட்டில் சாய்ந்துகொண்டு நோரீன், ஐம்பதைத் தாண்டியவள், நல்ல கனம், அகலமான தொப்பி, சிரித்தால் தோள் இரண்டும் சேர்ந்து சிரிக்கும், தலைமுறை தலைமுறையாக அந்தப் பள்ளத்தாக்கு அவள் குடும்பத்து மண், இரண்டாவது ஜீப்பை ஓட்டுகிறவன் அவள் மகளைக் கட்டிய கிளெம், ஆறடி உயரம், அசைந்தால் சத்தம் வராத ஆள். நோரீன் பேசுகிற இங்கிலீஷ் செம்மலருக்கே பாதிதான் பிடிபட்டது, ராஜாமணிக்கு முழுதும் பிடிபட்டது, இடியும் மழையுமாக இரைகிற லைனில் எத்தனை ஊர்க்காரர்கள் பேச்சைக் கேட்ட காது, அது நோரீன் பேச்சைக் கேட்ட மாத்திரத்தில் போடித் தமிழாக்கிக் கொடுத்துவிட்டது.

முதல் நாள் மத்தியானம் தேநீருக்கு நிறுத்தினபோதுதான் ராஜாமணி அதைக் கவனித்தாள், கிளெம் விறகு கொண்டுவந்து போட்டால் நோரீன் சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்கிறாள், அவனும் தரையைப் பார்த்துக்கொண்டே போய்விடுகிறான், பின்டயரில் காற்று குறைகிறது என்றால் அவள் அவனிடம் சொல்லவில்லை, கொதிக்கிற கெட்டிலைப் பார்த்து, யாராச்சும் அந்தப் பின்டயரைப் பாத்தா நல்லாருக்கும் என்றாள், சற்று நேரத்தில் டயருக்குக் காற்று ஏறியது, இரண்டு பேருக்கும் சண்டையா என்று செம்மலர் மெதுவாகக் கேட்டாள், நோரீனின் தோள் இரண்டும் குலுங்கின, சண்டையா, மரியாதை புள்ள அது, எங்க சட்டத்துல மாமியாவும் மருமகனும் மொகம் பாத்துக்கிறக் கூடாது, பேச்சு வச்சுக்கிறக் கூடாது, அவன் புடிக்கிற மீன்ல நல்ல துண்டு எனக்குத்தான் வரும், எம் மக கையில வரும், இத்தனை வருஷத்துல அவன் என்னைய நிமுந்து பாத்ததில்ல, இதவிட நல்ல மருமகன் யாருக்குக் கிடைப்பான் என்றாள், சொல்லிவிட்டு ராஜாமணியையும் அறவாழியையும் மாறி மாறிப் பார்த்தாள், நானும் காலைலேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், நீங்களும் பேசிக்கிறதில்ல, எல்லாம் பொண்ணு வழியாத்தான், ஒங்க ஊர்லயும் சட்டத்த இன்னும் விடாம வச்சிருக்கீங்க என்ன.

ராஜாமணி திருதிருவென்று விழித்தாள், செம்மலருக்குத் தேநீர் புரையேறியது, மாப்பிள்ளை குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்ட ஆரம்பித்தார், என்ன சொல்வது, ஒரு வாங்க சொல்லாததற்காக இரண்டு மாதமாக முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறேன் என்று முன்பின் தெரியாத பெண்ணிடம் சொல்ல முடியுமா, ஆமா ஆமா, மரியாதைதான் என்றாள் ராஜாமணி, நோரீன் கண்ணில் நீர் தளும்ப அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், உடனே ஏற்பாடும் செய்துவிட்டாள், மாப்பிள்ளை கிளெம் வண்டியில், பெண்கள் தன் வண்டியில். முழுப் பொய்யென்றும் சொல்ல முடியாது, ராஜாமணியின் அம்மா இருந்த வரைக்கும் மருமகன் எதிரே வந்து நின்றதே இல்லை, அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, இலை போட்டாச்சாம், கை கழுவச் சொல்லு என்று காற்றிடம் சொல்வாள், அதை நினைத்துக்கொண்டு வண்டியில் ஏறியபோது ராஜாமணிக்குக் கொஞ்சம் தைரியமாகவே இருந்தது.

அப்புறம் வண்டியில் நடந்ததைச் சொன்னால் போடியில் நம்ப மாட்டார்கள், நோரீன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே கேள்வியாகக் கேட்டாள், ஒங்கம்மாவோட அக்கா தங்கச்சிய என்னன்னு கூப்புடுவ, பெரியம்மா, சின்னம்மா, எல்லாரும் அம்மாதான், அப்பாவோட அண்ணன் தம்பி, பெரியப்பா, சித்தப்பா, அவங்களும் அப்பாதான், அவங்க புள்ளைங்க, எனக்கு அண்ணன் தங்கச்சி, அம்மாவோட தம்பி, அது மாமா, அது வேற, அவரு புள்ளைங்க மொறையே வேற என்று ராஜாமணி சொல்லச் சொல்ல நோரீன் ஹாரனை அடித்து ஆரவாரம் செய்தாள், ஒரு கங்காரு குடும்பமே மிரண்டு ஓடியது, இங்க வர்றவங்களுக்கு ரெண்டு நாளு மண்ணுல கோடு போட்டுச் சொல்லிக் குடுப்பேன், அப்பயும் எல்லாரையும் அங்கிள்னுதான் சொல்லுவாங்க, நீ என்னடான்னா எங்க வீட்டுல பொறந்தவ மாதிரி சொல்ற என்றாள், வண்டியை நிறுத்தி இறங்கி வந்து கட்டிக்கொண்டாள், எனக்கு அக்கா இல்லாத கொறை தீந்துச்சு, இன்னையிலருந்து நீ எங்க அக்கா என்றாள், ராஜாமணிக்கு உச்சி குளிர்ந்துபோனது, புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துத் தங்கச்சிக்குக் கொடுத்தாள், தங்கச்சி ஒரு பங்கை ஒதுக்கிச் செம்மலரிடம் நீட்டி, பின்னால வர்ற வண்டிக்குப் பசிக்கும்ல என்றாள், இத்தனை சந்தோஷம் எங்கிருந்து வந்தது, ஒரு பாட்டுக்கூடப் பாடினாள் ராஜாமணி, பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட தேவாரம், ஜன்னலுக்கு வெளியே புற்றுகள் ஆள் உயரத்துக்கு எழுந்து எழுந்து ஓடின.

இன்று காலையில் பள்ளத்தாக்கு வாய்க்கு வந்தாயிற்று, வரைபடத்தில் அதற்கு எலினார் பள்ளத்தாக்கு என்று பெயர், யாரோ ஒரு வெள்ளைக்கார மாட்டுப்பண்ணைக்காரன் தன் பெண்டாட்டி பெயரை வைத்தானாம், அந்த அம்மாள் இதை ஒரு நாளும் பார்த்ததில்லையாம், அதன் உண்மையான பெயரை நோரீன் வாயால் சொன்னாள், மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டு ராஜாமணி சரியாகச் சொன்ன பிறகுதான் நடக்க விட்டாள், ஓடையோரமாக ஒரு பழைய தடம், இந்த வழியாத்தான் போலீஸ்காரங்க எங்காளுங்க கழுத்துல சங்கிலியப் போட்டு, ஒருத்தர் பின்னால ஒருத்தரா, கடற்கரை வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போனாங்க என்றாள், மாடு திருடினார்கள் என்று பழி, தண்ணீர்ப் பக்கமெல்லாம் வேலி போட்டு மாட்டை விட்டுவிட்டால் மனிதன் எங்கே குடிப்பான், எதைத் தின்பான், கூப்புடாம வந்தாங்க, வந்தவங்க எங்கள வெளிய போன்னாங்க என்றாள், குரலை உயர்த்தவில்லை, அந்தத் தடம் சுனைக்குத் திரும்புகிற இடத்தில் ஒரு வளைவு, அங்கே நின்றுவிட்டாள், எங்கம்மா சின்னப் புள்ளையா இருக்கையில அரசாங்கத்து ஆளுங்க வந்து பாதிரிமாரு நடத்துற மிஷனுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க, எங்க பாஷை பேசுனா அடி, வளந்து ஆளாகி, என்னைய இடுப்புல தூக்கிக்கிட்டு நடந்தே இங்க வந்தா, வந்தவளுக்கு உள்ள போக பயம், கூப்புட ஆளில்லாம எப்படிப் போறது, இந்த எடத்துலதான் வெயில்ல நின்னா, உள்ளேருந்து அவளோட சின்னம்மா, கண்ணு தெரியாதவ, யாருன்னு கேட்டா, பதில் சொல்ல எங்கம்மாவுக்குப் பாஷை மறந்துபோச்சு, சின்னம்மா தடவித் தடவி வந்து மோந்து பாத்தா, தன் வேர்வைய எடுத்து அவ நெத்தியில தேச்சு, நம்ம புள்ள வந்துருச்சு, உள்ள விடுங்கன்னு பாறையப் பாத்துக் கத்துனா, சாகுற வரைக்கும் எங்கம்மா அதத்தான் சொல்லிக்கிட்டு இருந்தா, கூப்புட்டாங்கடி, என்னைய கூப்புட்டாங்கடின்னு. ராஜாமணி அழுதுவிட்டாள், தங்கச்சியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு தாராளமாக அழுதாள்.

அழுத ஈரத்தோடுதான் இதோ சுனையில் இறங்கி நிற்கிறாள், கல்லைத் தண்ணீரில் போட்டாயிற்று, வட்டம் வட்டமாக விரிந்து அடங்கியது, ஆச்சு, தண்ணி ஒன்னையத் தெரிஞ்சுக்கிட்டுச்சு, இனி நீ இந்த எடத்து ஆளு என்றாள் நோரீன், அடுத்து செம்மலர், அவளுக்குக் கல்லை அக்குளில் தேய்த்து வயிற்றிலும் தேய்த்தாள், உள்ள இருக்குறதுக்கும் சேத்துத்தான், ரெண்டு கல்லாப் போடு என்றாள், பிறகு மூன்றாவது ஆளைக் கூப்பிடத் திரும்பினாள், வளைவில் மாப்பிள்ளை தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், பக்கத்தில் துணைக்குக் கிளெம், நோரீன் வாயைத் திறந்தாள், திறந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டு பாறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள், அக்கா, என்ன காரியம் பண்ணிட்டேன் பாரு என்றாள், என்ன என்றால், ஒன்னைய அக்கான்னு சொல்லிட்டேன், ஒம் பொண்ணு எம் பொண்ணாச்சு, அப்ப அது எனக்கும் மருமகனாச்சே, நான் எப்படி அதைக் கூப்புடுவேன்.

செம்மலர் விழுந்து விழுந்து சிரித்தாள், நோரீனுக்குச் சிரிப்பும் வந்தது கவலையும் வந்தது, வழக்கமாகக் கூட வருகிற அவள் தம்பி பல் பிடுங்க டவுனுக்குப் போயிருக்கிறான், கிளெம் பாலைவனப் பக்கத்துக்காரன், அவனையே ஒருவர் கூப்பிட்டுத்தான் உள்ளே எடுத்தார்கள், அவன் இன்னொருவரைக் கூப்பிட முடியாது, அப்படியென்றால் அந்தப் பிள்ளை வெளியே நிற்க வேண்டியதுதானா, நோரீன் பாறையைப் பார்த்தபடியே யோசித்தாள், பிறகு, அக்கா, நீதான் இருக்க, ஒன்னைய இப்பத்தான உள்ள எடுத்துருக்கு, எனக்கு அக்கான்னா இது ஒன் மண்ணும்தான், நீ கூப்புட்டா செல்லும், ஆனா ஒங்க சட்டத்துல மாமியா மருமகனக் கூப்புடலாமா, சட்டத்த ஒடைக்கச் சொல்லி நான் கேக்க மாட்டேன் என்றாள்.

ராஜாமணி வளைவைப் பார்த்தாள், வெயில் நேரே மண்டையில் இறங்குகிறது, கடன் கேட்க வந்தவர் மாதிரி நிற்கிறார் மனுஷன், இந்தப் பக்கம் ஒரு அடி வைக்கவில்லை, வைக்கலாம், யார் தடுக்கப் போகிறார்கள், ஆனால் கூப்பிடாமல் வரக் கூடாது என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார், முதன்முதலாக ராஜாமணிக்கு அந்த முகம் புரிந்தது, அது திமிர் பிடித்த முகம் இல்லை, கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று நிற்கிற முகம், ஒருவேளை இரண்டு மாதமாக அவரும் இப்படித்தான் நின்றாரோ, கேட்டு வாங்குகிற வாங்க என்ன வாங்க என்று இருந்தாயே ராஜாமணி, கொடுக்கிற வாங்க உன் கையில்தானே இருந்தது. தங்கச்சி, எங்க சட்டத்துல எல்லாப் பேச்சுக்கும் தடைதான், ஒரே ஒரு வார்த்தைக்கு மட்டும் எடம் இருக்கு என்றாள், சொல்லிவிட்டுப் பாறையைப் பார்த்துத் திரும்பி, தங்கச்சி கற்றுக்கொடுத்த அந்தப் பள்ளத்தாக்கின் சொந்தப் பெயரைச் சொன்னாள், எம் பொண்ணக் கட்டுன புள்ள வந்திருக்கு, பேரு அறவாழி, நல்ல புள்ள, உள்ள விடுங்க என்று தமிழிலேயே சொன்னாள், சொல்லிவிட்டு வளைவுப் பக்கம் திரும்பி, டிரங்க் கால் போட்டு மதராஸ்காரரைக் கூப்பிடுகிற குரலில், வாங்க மாப்ளை என்றாள்.

அவர் நம்பவில்லை, பின்னால் திரும்பிப் பார்த்தார், கிளெம் முதுகில் கைவைத்து மெல்லத் தள்ளிவிட்டான், ஷூவோடு தண்ணீருக்குள் வந்துவிட்டார், கல்லை எடுக்கத் தோன்றாமல் அவள் எதிரே வந்து நின்று, அத்தை, இந்த வார்த்தைய நான் ஆனி மாசத்துலருந்து வாயிலயே வச்சிருக்கேன் என்றார். பின் மடை திறந்தது, ஏர்போர்ட்ல வச்சுச் சொல்லக் கூடாதுன்னு நெனச்சேன் அத்தை, வீட்டு வாசல்ல நின்னுதான் வாங்கன்னு சொல்லணும்னு எங்கம்மா போன்ல சொல்லியிருந்தாங்க, வண்டிய நிறுத்துனதும் ஓடிப் போயி முன்வாசக் கதவைத் தொறந்து, லைட்டப் போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கிறேன், நிக்கிறேன், யாரையும் காணோம், செம்மலர் ஒங்களக் கார் ஷெட் வழியா உள்ள கூட்டிட்டுப் போயிருச்சு, நீங்க அடுப்படியில காப்பி குடிச்சுக்கிட்டு இருக்கீங்க, ஏற்கெனவே உள்ள வந்தவங்கள எப்படி அத்தை வாங்கன்னு சொல்றது.

ராஜாமணிக்கு அந்தக் காப்பி ஞாபகம் வந்தது, அன்று வாசல் பக்கமிருந்து சில்லென்று வந்த காற்று ஞாபகம் வந்தது, இந்தக் குளிர்ல யாருடி கதவத் தொறந்து போட்டு வச்சிருக்கிறது என்று சத்தம் போட்டதே அவள்தான், கதவு மெல்லச் சாத்துகிற சத்தம் கேட்டது, அதற்கு அப்புறம்தான் இவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தார், அதைத்தான் அவள் மண்டைக்கனம் என்று நினைத்தாள், சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது, நிற்க முடியவில்லை, தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள், புடவை மிதக்கிறது, முதலையாவது ஒன்றாவது, சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் கொட்டுகிறது, நோரீன் முதுகைக் காட்டியபடியே, ஒரு வார்த்தைன்னு சொன்னீங்க, என்ன ரெண்டு பேரும் இவ்வளவு பேசுறீங்க என்று பாறையிடம் முறையிட்டாள், செம்மலர் மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னாள், நோரீனின் தோள் குலுங்கித் தொப்பி தண்ணீரில் விழுந்தது, மாப்பிள்ளை கையைக் கொடுத்தார், ராஜாமணி அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், பிடித்த கையை விடாமல் அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்து, தை பொறக்குறதுக்கு முன்னாடியே வந்துர்றேன் மாப்ளை, அந்தக் கார் ஷெட் கதவ மட்டும் பூட்டி வச்சிருங்க, நான் முன்வாசல் வழியா வரணும் என்றாள்.